மயான காண்டத்திற் சந்திரமதி

யாழ்ப்பாணத்து இசை நாடக மரபில் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பெற்ற சிறப்பைப் பிற நாடகங்கள் பெற்றது அரிது. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அதனை ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார். கோயில் வீதிகளில் இருந்து கண்டு கண்ணீர் உகுத்த மக்கள் அரிச்சந்திரனின் வாய்மையை வியந்து வீடு திரும்பினர். அவ்வாய்மைக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினா பெரும்பாலும் எழாமலே போயிற்று.

விசுவாமித்திர முனிவருக்குரிய கடனை இறுக்கும்பொருட்டுக் காசியில் மனைவியும் மைந்தனும் முதலில் விற்கப்படுகின்றனர். மன்னன் பின்னரே தன்னை விற்கிறான். மார்க்கண்டேய புராணத்தில், தன்னை விற்குமாறு முதலிற் கூறுபவள் மனைவியே. சொல் தவறலாகாது என்னும் உறுதி அவளிடத்துங் குறையாது நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா. எனினும் அவ்வுறுதியை அவனிடத்து வாய்மை என்றும் அவளிடத்துக் கற்பு என்றும் மரபு பெயரிட்டது. முன்னது அறந்தேர்ந்த அறிவின் செயலாகவும், பின்னது கணவன்வழி நிற்றலாகவும் கொள்ளப்பட்டன. பெயர் வேறுபட்டமையால் மதிப்பும் வேறுபட்டது.

மயானக் காட்சியை நோக்குக. அரவு தீண்டி இறந்த மகனைச் சுமந்து வந்து சந்திரமதி புலம்புகிறாள். அப்புலம்பலைக் கேட்ட காவலன் அவளை இன்னாளென அறிந்திலன். கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் தாலி தென்பட்ட பின்னரே இருவரும் ஒருவரையொருவர் அறிகின்றனர். அவள் குரல் உணர்த்தாததை அவள் கழுத்தணி உணர்த்துகிறது. காட்சியின் உருக்கம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அவள் தானாக அன்றி மனைவியாகவே அறியப்படுகிறாள். பின்னர்க் கொலைப்பழி சுமந்து அவள் வாளின்கீழ் இருக்கும்போதும், வாளோங்கும் கணவனின் மனப்போராட்டமே சோதனையின் உச்சமாகிறது. வெட்டுண்ண இருப்பவள் மனம் இரண்டாமிடத்ததே.

பெண் வேடத்தை ஆடவர் புனைந்தமையே இக்குறைக்குக் காரணம் எனச் சிலர் கூறக்கூடும். அது முழு விடையன்று. கி.மு. 415 இல் ஏதென்ஸ் நகரில் யூரிப்பிடிஸ் அரங்கேற்றிய ‘திரோயப் பெண்கள்’ நாடகத்திலும் பெண் பாத்திரங்களை ஆடவரே முகமூடி அணிந்து நடித்தனர். ஆயினும் போரின் நீதி அங்கே தோற்றோரின் தாயரும் மனைவியரும் வாயிலாகவே நிறுக்கப்படுகிறது. ஆகவே குறை நடிகனிடத்தன்று. கதை யாருடைய கண்வழிச் செல்கிறது என்னும் அமைப்பிலேயே உள்ளது.

அவ்வமைப்பை மாற்றுதல் இயலாததுமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்து வடிவிலேயே பாத்திரத்தின் உள்ளத்தை ஆழமாகக் காட்ட முடியும் என நிறுவியது. சி. மௌனகுருவின் ‘சக்தி பிறக்குது’ 1980களில் ஆடலையும் பாடலையுங் கைக்கொண்டே பெண்ணின் இன்னலைப் பொருளாக்கியது. மரபைக் கைவிடாமலே பார்வையை மாற்றலாம் என்பதை இவை காட்டின.

எனவே மயான காண்டத்தை விலக்குதல் தீர்வாகாது. அதனை மேடையேற்றுவோரும் மாணவர்க்குக் கற்பிப்போரும் சந்திரமதியின் புலம்பலைச் செவிக்கின்பமாக மட்டுங் கொள்ளாது, அறம்பற்றிய வழக்காகவுங் கொள்ளல் வேண்டும். ஒருவன் வாய்மைக்காக மற்றொருத்தியின் மகன் மாளலாமோ என்பதே அவ்வழக்கு. இறுதியில் இறைவன் தோன்றி மைந்தனை எழுப்புதல் அருளாகுமேயன்றி, அவ்வினாவிற்கு விடையாகாது.