கல்லின் விளிம்பு

பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் குசினியைத் திருத்தும்போது சமையல் மேடைக்கான கிரனைட்டின் நிறத்தைத் தெரிவதிலேயே பாதி நாள் போய்விடும். எனக்குக் கண் விளிம்பில்தான். சமைக்கிறவரின் வயிறும் முழங்கையும் நாள் முழுக்க உரசுவது அந்த 20 மில்லிமீற்றர் கனத்தில்தானே.

முழு உருளையாக வளைத்த விளிம்பைத் தடவினால் கையை எடுக்க மனம் வராது. சிந்திய தண்ணீரோ அந்த வளைவோடு ஒட்டியபடி அடிப்பக்கம் போய், கீழுள்ள கப்பேர்ட் பலகையை ஊறவைக்கும். மேல்பாதியை மட்டும் வளைத்து அடியை நேராக விட்டால் பெரும்பாலும் மூலையிலேயே சொட்டி விழுந்துவிடும். அலை அலையாகச் செதுக்கும் ஓஜீ விளிம்பு இடியப்பம் பிழிகிற வீட்டுக்கு வேண்டாம். பள்ளத்தில் மா இறுகினால் சுரண்டித் தீராது.

எங்கள் குசினிகளுக்கென்றே ஒரு கணக்கும் உண்டு: விளிம்பில் திருகிப் பூட்டி, கைபிடியைச் சுற்றும் தேங்காய்த் திருவலை. அது ஆடாமல் நிற்கக் கல் மேலும் கீழும் தட்டையாக, கப்பேர்ட்டைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். தடிப்பாகத் தெரியட்டும் என்று இரண்டு கல்லை ஒட்டச் சொல்லுமுன் திருவலையின் வாய் எவ்வளவு விரியும் என்று அளந்து பாருங்கள். பூட்டும்போது இடையில் ஒரு துணியும் வையுங்கள்.

என் தெரிவு, கூர் மட்டும் எடுத்த நேர் விளிம்பு. மூன்று மில்லிமீற்றர் மழுக்கினால் போதும், பானை இடித்தாலும் எளிதில் சில்லுப் பெயராது. தண்ணீர் விட்டு, வைரத்தூள் பதித்த வட்டுகளை முரட்டிலிருந்து நைசுக்கு ஒவ்வொன்றாக மாற்றித் தேய்க்கும் தொழிலாளியின் பொறுமை பார்க்கத் தகுந்தது. அடிப்பக்கத்தையும் இரண்டு விரல் அகலத்துக்கு மினுக்கித் தரச் சொல்லுங்கள். துடைக்கும் துணி அங்கேயும் போகும்.