பாலைக்கு அனுப்பியவர் யார்? – "ஆடுஜீவிதம்" திரைப்படம் குறித்து

பாலைநிலத்தைக் களமாகக் கொண்ட பழைய திரைக்காவியங்களில் மணல்வெளி பெரும்பாலும் வீரனின் புகழை உயர்த்தும் மேடையாகவே அமைந்தது. 1962இல் டேவிட் லீன் இயக்கிய "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" இதற்குத் தக்க சான்றாகும். 2024 மார்ச் 28 அன்று தமிழ் வடிவிலும் வெளிவந்த பிளெஸ்ஸியின் "ஆடுஜீவிதம்" அம்மரபையொட்டி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீள்கிறது; எனினும் இங்கு நடுநாயகமாக நிற்பவன் வீரன் அல்லன், கூலியாள். பென்யாமின் 2008இல் வெளியிட்ட மலையாள நாவலே இதன் மூலம்.

கேரளத்து ஆற்றில் மணல் அள்ளிய நஜீப், பிழைப்புத் தேடிச் சவூதி அரேபியா செல்கிறான். விமான நிலையத்தில் எதிர்ப்பட்டவனைத் தன் முதலாளியென நம்பிச் சென்று, ஆட்டுப்பட்டியில் அடிமையாகிறான். ஆடுகளோடு தொட்டி நீரை அவன் அருந்தும் காட்சியும், எலும்பும் தோலுமாய் மெலிந்த பிருத்விராஜின் தோற்றமும் முதிர்ந்த பார்வையாளரை நெடுநாள் வருத்தும். தப்பியோடும் வழியில் ஹக்கீம் தாகத்தால் மாள்கிறான். வழிகாட்டிய இப்ராகிமோ மணலில் மறைந்துபோகிறான்.

படத்தின் குறையும் இவ்விடத்தேதான் தொடங்குகிறது. ஜோர்தானின் வாதி ரம் மணற்குன்றுகளின் எழிலும் ரகுமானின் இசையும் கொடுமையை இயற்கையின் சீற்றமாக மாற்றிவிடுகின்றன. நஜீபை அங்கே சிக்கவைத்த கடனும், முகவரும், தொழிலாளியை முதலாளியின் கைப்பொருளாக்கிய அக்கால விசா முறையும் பின்னணியில் மங்கிவிடுகின்றன.

இப்பிழை இயக்குநருக்கு மட்டும் உரியதன்று. நம் அருளுரைகளிலும் வனாந்தரம் என்றால் சோதனை, பயிற்சி, இறுதியில் வெற்றி என்பதே வழக்கம். ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசிப்போமாயின், ஆகாரைப் பெயெர்செபா வனாந்தரத்துக்கு அனுப்பியது விசுவாசியின் வீடே என்பது புலனாகும். துருத்தித் தண்ணீர் தீர்ந்தது இயற்கையின் குற்றமாகுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற்காட்டில் ஊழியம் செய்வோர்க்கு இக்கேள்வி அயலானதன்று. மழை பொய்த்த கண்மாயும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த ஊர்களிலிருந்து இளைஞர் கடல்கடந்து செல்கின்றனர். திரும்பியவர் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கையை மகிழ்ந்து ஏற்கிறோம். திரும்பாதவர் வீட்டாருக்கு நம் ஆராதனையில் என்ன இடம் உண்டு? வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற்றிருத்தல் வேண்டுமென 1983ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. கடன் வாங்குமுன் அதை விசாரித்தறியச் செய்வதும் ஆயர்ப் பணியே.

நஜீப் இஸ்லாமியன். ஆகவே அவனது மன்றாட்டை நம் பிரசங்க உவமையாக்கிக்கொள்ள விரையலாகாது. இஸ்மவேலின் அழுகுரலைக் கேட்ட தேவன் அவன் குரலையும் கேட்கிறார் என்று அறிக்கையிடுவோம். ஆனால் ஹக்கீம் மணலிலேயே கிடக்கிறான். தப்பியவனுடைய சாட்சியை மட்டுமே கேட்டுப் பழகிய பிரசங்க பீடம், அவனுக்காகவும் பேசக் கடமைப்பட்டுள்ளது.