‘நாங்கள்’ என்று பேசுகிறவர்கள்

ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தில் வருகிற மனிதனுக்குப் பெயர் இல்லை. அவனைத் தாசன் என்று மட்டும் பிரதி சொல்கிறது. பார்க்க லட்சணமில்லாதவன். அவமதிக்கப்படுகிறான், அடிபடுகிறான், வாய் திறக்காமல் சாகிறான். மற்றவர்களின் குற்றம் அவன் தலையில் விழுகிறது, அவன் காயத்தால் அவர்கள் குணமாகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையில் இது இயேசுவின் பாடுகளைப் பற்றிய தீர்க்கதரிசனம். பெரிய வெள்ளி ஆராதனையில் இன்றும் இந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது.

இது இயேசுவுக்கு முன்பே எழுதப்பட்டது என்பதில் சண்டை இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில், பாபிலோனியச் சிறையிருப்பை ஒட்டிய காலத்தில் உருவானது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. 1947இல் குமரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல்சுருள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலும் இந்த அதிகாரம் இருக்கிறது. அப்புறம் என்ன சிக்கல்? யார் இந்தத் தாசன் என்பதுதான்.

இது பழைய கேள்வி. அப்போஸ்தலர் நடபடிகளில் ரதத்தில் போகும் எத்தியோப்பிய அதிகாரி, தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, இல்லை வேறு யாரையாவதா என்று இதையேதான் கேட்கிறார். பிலிப்பு இயேசுவைக் காட்டுகிறார். யூத மரபில் வேறு பதில்கள் உண்டு. தர்கூம் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பு தாசனை மேசியா என்கிறது, ஆனால் பாடுகளை அவன்மேல் வைக்காமல் மற்றவர்கள்மேல் தள்ளிவிடுகிறது. பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷிக்கு தாசன் என்றால் இஸ்ரவேல் மக்கள். அது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே தன்னோடு வாதாடிய யூதர்கள் அப்படிச் சொன்னதாக ஓரிகன் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தின் 49ஆம் அதிகாரத்தில் தாசன் இஸ்ரவேல் என்றே அழைக்கப்படுகிறான். நாலு வரி தாண்டினால் இஸ்ரவேலை மீட்க அனுப்பப்பட்டவனாகவும் வருகிறான். பிரதி எந்தப் பக்கமும் முழுசாகச் சாய்வதில்லை.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு தரவைத் தேடினால் பொருத்தம் கிடைக்கத்தான் செய்யும். மென்பொருள் வேலையில் இருக்கிறவனுக்கு இந்தச் சந்தேகம் தானாகவே வரும். ஆனாலும் முதல் கிறிஸ்தவர்கள் செய்ததை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். தங்கள் குரு குற்றவாளியைப்போலக் கொல்லப்பட்டதற்குப் பொருள் தேடியவர்கள், தங்கள் சொந்த வேதத்திலேயே அதற்கான மொழியைக் கண்டடைந்தார்கள். துக்கத்தில் இருக்கிறவர்கள் கவிதையை அப்படித்தான் வாசிப்பார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தாசன் யார் என்று கேட்கிற நாம், பேசுகிறவர்கள் யார் என்று கேட்பதில்லை. அதிகாரத்தின் பெரும்பகுதியைப் பேசுவது ஒரு கூட்டம். ‘நாங்கள்’ என்றுதான் பேசுகிறது. அதுவும் நடந்து முடிந்ததைப் போலப் பேசுகிறது. தீர்க்கதரிசிகள் வரப்போவதையும் நடந்ததாகச் சொல்வதுண்டு என்பார்கள், இருக்கட்டும். கூட்டம் சொல்வது என்ன? அவனைப் பார்த்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டோம், கடவுள் அவனைத் தண்டிக்கிறார் என்று நினைத்தோம், இல்லை, குற்றம் எங்களுடையது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், ‘அவன் செஞ்ச பாவம், அனுபவிக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாக்குமூலம் இது.

தீர்க்கதரிசனம் நிரூபணமாக மாறியபோது இந்த வாக்குமூலம்தான் காணாமல் போனது. யூதர்கள் சிதறடிக்கப்பட்டிருப்பதையும், அவர்கள் கையிலிருக்கும் வேதமே கிறிஸ்துவுக்குச் சாட்சி சொல்வதையும் அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ நூலில் ஒன்றாகச் சேர்த்து வாதிட்டார். 1263இல் பார்சிலோனாவில் அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸின் முன்னால் ஒரு பொது விவாதம் நடந்தது. மதம் மாறி டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி ஒரு பக்கம், ஜிரோனாவின் ரபி நாக்மனிடீஸ் மறுபக்கம். இந்த அதிகாரமும் அங்கே வந்தது. நேரான பொருளில் தாசன் இஸ்ரவேல் மக்களே என்றார் நாக்மனிடீஸ். விவாதத்தை எழுதி வெளியிட்டதற்காக அவர்மேல் தேவதூஷணக் குற்றச்சாட்டு வந்தது. முதிய வயதில் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது.

நம்பிக்கையோடு வாசிக்கிறவர்களும் தப்பமுடியாத முரண் இங்கேதான் இருக்கிறது. தாசன் இயேசுவேதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், துரத்தப்படும் ஒரு சமூகத்தைப் பார்த்து ‘கடவுள் தண்டிக்கிறார்’ என்று சொன்னவர்கள், அதிகாரத்திலுள்ள கூட்டம் எந்தத் தப்புக்காக மனம் வருந்துகிறதோ அதையே திரும்பச் செய்தார்கள், அதுவும் அந்த அதிகாரத்தையே ஆதாரமாகக் காட்டி.

மார்க் ஷாகல் 1938இல் வரைந்த ‘வெள்ளைச் சிலுவையேற்றம்’ ஓவியத்தில் இயேசுவின் இடுப்பில் இருப்பது யூதர்களின் ஜெபச் சால்வை. சுற்றிலும் எரியும் ஜெப ஆலயம், தப்பி ஓடும் மக்கள். தனி மனிதனா, மக்கள் கூட்டமா என்று நூற்றாண்டுகளாக நடந்த வாதத்தின் இரண்டு பதில்களும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. யாரையும் ஜெயிக்கவைக்காத இந்த வாசிப்பு, எந்த உரையையும்விட ஏசாயாவுக்கு நெருக்கமாக எனக்குத் தெரிகிறது.

யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் அதிகாரபூர்வமாக அறிவித்தது. ஏசாயாவின் கூட்டம் அதை ஏற்கெனவே சொல்லியிருந்தது. வருஷாவருஷம் அதை உரக்க வாசித்துக்கொண்டும் இருந்தார்கள்.