அருளரின் மகள் கட்டிய தாளம்

ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை எந்த டீக்கடையில் பாட்டு ஒலித்தாலும் அது பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். தானே எழுதித் தானே பாடும் ஒருவரின் முதல் ஆல்பத்தை முழுப் படைப்பாகக் கேட்டு எடைபோடும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி மாயா அருள்பிரகாசத்தின் ‘அருளர்’ 2005 மார்ச்சில் வந்தது. ஈழத் தமிழ்ப் பெண்ணின் வெற்றி என்று நாம் அதைப் பேசிய அளவுக்குக் கேட்கவில்லை. மேலைநாட்டு விமர்சகர்கள் கேட்டார்கள். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது; நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ நடத்திய அவ்வாண்டு விமர்சகர் வாக்கெடுப்பில் கான்யே வெஸ்டுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் அவர்களும் இசையைவிடப் பாடகியின் வரலாற்றைப் பற்றியே அதிகம் எழுதினார்கள்.

அதற்கு ஆல்பமே இடம் கொடுத்தது. அருளர் என்பது அவருடைய தந்தையின் இயக்கப் பெயர்; ஈரோஸ் என்ற ஈழப் போராளி அமைப்பின் தொடக்கக் காலத்தவர், இலங்கையின் 1977 கலவரத்துக்குப் பின் அகதிகளை ஏற்றிவந்த கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதியவர். மகள் வளர்ந்த காலத்தில் பெரும்பாலும் உடன் இல்லாதவர். அட்டையில் புலியும் டாங்கியும் துப்பாக்கியும். ‘சன்ஷவர்ஸ்’ பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் வரியால் எம்டிவியோடு பிணக்கு. இவர் போராளியா, போராட்டத்தை அலங்காரமாக்கும் ஓவியக் கல்லூரி மாணவியா என்ற வாதமே முன்னால் நின்றது. இரு தரப்பும் வரிகளையும் படங்களையும் சாட்சிக்கு அழைத்தன, தாளத்தை அழைக்கவில்லை. இந்த ஆல்பத்தின் பலமும் அதன் அரசியலும் தாளத்தில்தான் இருக்கின்றன என்பது என் கட்சி.

ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டி: டிரம், பேஸ், சின்தசைசர், அவற்றைச் சுழல விடும் வசதி எல்லாம் அதற்குள். முறையாக இசை படிக்காத மாயா, ‘எலாஸ்டிகா’ குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடம் கிடைத்த அந்தப் பெட்டியில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். முதலில் 500 பிரதிகள் மட்டும் அச்சான ‘கலாங்’ பாடலைக் கேளுங்கள். சேர்ந்திசை ஸ்வரங்களின் மெத்தை கிடையாது. உறுமும் ஒரு பேஸ், இடைவெளி விட்டு விழும் அடிகள், அவற்றின் மேல் குரல். மெட்டு நகர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம்; நகர்வது எழுத்துகளின் எடை. வல்லின ஓசை அடியோடு சேர்ந்து விழும், அடுத்த முறை ஒரு நூலிழை முந்தி விழும். அந்த முந்தலில்தான் பாட்டின் துடுக்கு பிறக்கிறது. கடைசியில் சொல்லே இல்லாத கூட்டுக் குரல் எழும்போது, அதுவரை சிக்கனமாகப் பிடித்துவைத்திருந்த இடமெல்லாம் ஒரேயடியாக நிறைகிறது. கையில் கிடைத்த சொற்பப் பொருளை வைத்து உரக்கப் பேசும் துணிவு இது. எந்த முழக்கத்தைவிடவும் அந்த ஓசையே, அகதியாக வந்த ஒரு சிறுமி லண்டனின் அரசுக் குடியிருப்பில் தன் இடத்தைப் பிடித்த கதையைச் சொல்கிறது.

இந்த ஒலியைச் செய்தவர் இசைத் தயாரிப்பாளர் டிப்ளோ, பாடகி வெறும் முகம் என்று ஒரு பேச்சு பரவியது. இதை மாயாவே 2007இல் ஒரு பேட்டியில் கடுமையாக மறுத்தார். மறுக்கக் காரணம் உண்டு: ஆல்பத்தில் டிப்ளோவின் கை தெரிவது ‘பக்கி டன் கன்’ என்ற பாடலில், ‘கலாங்’, ‘சன்ஷவர்ஸ்’ இரண்டையும் மாயாவோடு உருவாக்கியவர்கள் ஸ்டீவ் மெக்கி, ராஸ் ஆர்ட்டன். தயாரிப்பாளர் மாறினாலும் வெற்றிடத்தை நிரப்பாமல் விடும் அந்தப் பாணி மாறவில்லையே! இன்னொரு புகார் கனமானது: பிரேசில், ஜமைக்கா ஏழைகளின் இசையை இவர் எடுத்துக்கொண்டார் என்பது. ‘பக்கி டன் கன்’ விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறேன். ரியோவின் டெய்ஸி டிக்ரோனா பாடிய பாட்டு அதற்குள் மிக வெளிப்படையாக இருக்கிறது. ஆல்பத்தில் எனக்குக் குறைவாகப் பிடித்ததும் அதுதான், எடுத்ததைத் தனதாக்கும் உழைப்பு அதில் குறைவு. மற்ற பாடல்களில் கடன்கள் சிறு துணுக்குகளாக நறுக்கப்பட்டு, அவருடைய குரலின் நடைக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன.

தமிழ்ச் சொல்லே அரிதான ஆல்பத்துக்கும் தமிழருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மொழியைத் தேடினால் உறவு குறைவுதான். ஆனால் செங்கல்பட்டுப் பக்கத்து அம்மன் கோயில்களில் ஆடி மாதம் பம்பையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்த காது, பாடுகிறவரும் அடிக்கிறவரும் சமமாக மோதிக்கொள்ளும் இசைக்குப் பழகியது. மெட்டு இல்லையே என்று அது ஏங்காது. இரண்டு ஆண்டு கழித்துத் தாயின் பெயரில் வந்த ‘கலா’வுக்காக மாயா சென்னைக்கு வந்து உறுமி ஒலியைப் பதிவு செய்தபோது, அது வேர் தேடும் சடங்காகப் பார்க்கப்பட்டது. ஆனால் அந்த ஆல்பத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் உறுமி விருந்தாளியாக ஒலிக்கவில்லை, வந்த வேகத்தில் பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அதற்கான இடத்தை ‘அருளர்’ முன்பே காலியாக வைத்திருந்தது.