பதிவேட்டில் முடங்கும் புள்ளியியல்

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ கடைசி இயல். திட்டவிலக்கம் காண நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலக்க முறை என அதில் பல வழிகள். மாணவர் அட்டவணை போட்டு, சூத்திரத்தில் பிரதியிட்டு, மதிப்பெண் வாங்கிவிடுகிறார். விலக்கம் பெரிதாக இருந்தால் என்ன பொருள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியரும் அப்படிப் படித்தவர்தான். விளாங்குடியில் உள்ள, 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரி போன்ற இடங்களில் கணிதம் முடித்து, பி.எட். சேர்ந்து, பள்ளிக்குப் போவது மதுரைப் பெண்கள் பலரின் பாதை. அந்தப் பி.எட். பயிற்சியில் உருப்படியான ஒன்று உண்டு: அடைவுத் தேர்வுப் பதிவேடு. மாணவ ஆசிரியர் தானே வினாத்தாள் தயாரித்து, தேர்வு வைத்து, திருத்தி, வந்த மதிப்பெண்களுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் கண்டு, வரைபடம் போடுகிறார். இதை வெறும் சடங்கு என்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தன் கையால் திரட்டும் உண்மையான தரவு அதுதான்.

குறை, விடை வந்ததும் பதிவேட்டை மூடிவிடுவதில் இருக்கிறது. இரண்டு பிரிவுகளுக்கும் சராசரி 55 என்று வைத்துக்கொள்வோம். ‘ஏ’ பிரிவின் திட்டவிலக்கம் 6. ‘பி’ பிரிவுக்கு 22. ‘ஏ’ பிரிவுக்குப் பாடத்தை எல்லாருக்கும் சேர்த்தே மறுபடி நடத்தலாம். ‘பி’யில் 30 வாங்கியவரும் 80 வாங்கியவரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள், அங்கே தனித்தனிப் பயிற்சி வேண்டும். சராசரி மறைத்ததைத் திட்டவிலக்கம் காட்டிக்கொடுக்கிறது. இதை ஒருமுறை தன் வகுப்பிலேயே கண்டுகொண்ட ஆசிரியர், பிறகு சூத்திரத்தை மட்டும் எழுதிப்போட்டு நகரமாட்டார்.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2015இல் ஆசிரியர் தயாரிப்புக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலை வரை எந்த ஆசிரியரானாலும் கேள்வி எழுப்பி, தரவு திரட்டி, பகுத்து, பொருள் காணும் முழு வேலையையும் தாமே செய்து பழக வேண்டும் என்பது அதன் சாரம். நம் பதிவேட்டில் நடுவில் உள்ள இரண்டும் இருக்கின்றன. முதலும் கடைசியும் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் இதே பழக்கம் தேவை. பிள்ளைகள் எதில் பள்ளிக்கு வருகிறார்கள் என்று நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணினால் மட்டும் போதாது. மழை நாளில் அந்தக் கணக்கு ஏன் மாறுகிறது என்றும் கேட்க வேண்டும்.

கைக்கணக்கை அடியோடு விடச் சொல்லவில்லை. கூட்டுச் சராசரி முறை விலக்கத்தைக் கண்ணுக்குக் காட்டும், அது இருக்கட்டும். கூட்டல் பெருக்கலை எளிதாக்க வந்த படிவிலக்க முறைக்கு, கைபேசி கணக்குப் போடும் காலத்தில் இத்தனை வகுப்பு நேரம் வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தைப் புரட்டிப்போட வேண்டாம். பதிவேட்டு மதிப்பெண்ணில் பாதியை, கணக்கு முடிந்தபின் எழுதும் இரண்டு பக்க விளக்கத்துக்கு ஒதுக்குங்கள். கல்வியியல் கல்லூரிகள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.