எரிமலையும் வாசிப்புப் பாடமும்

ஐக்கிய அமெரிக்காவின் தொடக்கப் பாடசாலைகளிற் பயிலப்படும் வாசிப்புப் பாடங்களுள் எரிமலையைப் பொருளாகக் கொண்டவை பல. சிறுவர் உள்ளத்தை எளிதிற் கவரும் பொருள் அது. நெருப்பும் முழக்கமும் அழிவும் அதன்கண் உள. இடியோசைக்கு அஞ்சி ஒளியும் பிள்ளையும் எரிமலைப் படத்தை இருமுறை புரட்டிப் பார்க்கும். ஆயின், அப்பாடங்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அங்கே கற்பிக்கப்படுவது எரிமலையா, வாசிப்பா? ஆசிரியர்க்குரிய குறிப்பிலே நோக்கமாக எழுதப்படுவன பெரும்பாலும் 'முக்கிய கருத்தைக் கண்டறிதல்', 'காரணகாரியத் தொடர்பை இனங்காணல்' என்பனவே. எரிமலை ஒரு சாட்டு மாத்திரமே. அடுத்த கிழமை அதன் இடத்தில் திமிங்கிலம் வரும்; அதற்கடுத்த கிழமை தபாற்கந்தோர் வரும். திறன் நிலையானது, பொருள் எதுவாயினும் ஆகுக என்பது இம்முறையின் உட்கிடை. அவ்வுட்கிடை எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

வாசிப்பு என்னும் ஒரு சொல் இருவேறு தொழில்களை உள்ளடக்கி நிற்கின்றது. எழுத்தைக் கண்டு ஒலியாக்குதல் ஒன்று. ஒலியாகிய சொற்றொடரின் பொருளை உணர்தல் மற்றொன்று. கஃப், ரன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986 இல் வாசிப்பை இவ்விரண்டின் பெருக்கமாகக் கூறினர். கூட்டல் என்னாது பெருக்கம் என்றமை நுட்பமானது. இரண்டனுள் ஒன்று இல்லையாயின் மற்றது எத்துணைச் சிறந்திருப்பினும் பயன் இல்லை என்பது அதனாற் பெறப்படும். எழுத்துக்கும் ஒலிக்கும் இணக்கம் குறைந்த ஆங்கிலத்தில் முதலாவது தொழில் நெடும்பயிற்சியை வேண்டுவது. அதனை நேரே, முறையாகக் கற்பித்தலே தக்கது என்பதை அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் 2000 ஆம் ஆண்டு அறிக்கை வற்புறுத்திற்று. இவ்விடத்தில் எரிமலைக்கு வேலையில்லை. படங்களைப் பார்த்துச் சொற்களை ஊகிக்கும் பிள்ளை வாசிக்கின்றது என்று மகிழும் ஆசிரியர் தம்மைத் தாமே ஏமாற்றுகின்றார். வழக்கெல்லாம் இரண்டாவது தொழிலைப் பற்றியதே.

வழக்கின் ஒரு பகுதியை டொலரிஸ் டேர்கின் என்னும் ஆய்வாளர் 1978-79 இல் வெளியிட்ட கட்டுரை வெளிப்படுத்திற்று. நான்காம் வகுப்புகளில் 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தை அவர் அவதானித்தார். அவற்றுள், பொருளை எவ்வாறு உணர்வது என்பதைக் கற்பிப்பதற்குச் செலவானவை 20 நிமிடங்களே. எஞ்சிய நேரத்தில் ஆசிரியர் வினாவினார், விடையைத் திருத்தினார், பயிற்சித்தாள் கொடுத்தார். கற்பித்தல் என்று பெயரிட்டுப் பரீட்சித்தலே நடந்தது. இக்குறையை நீக்குவதற்கு எழுந்ததே திறன்களைப் பெயரிட்டுப் பயிற்றும் முறை. நோக்கம் நன்று, ஆனால் நோயினும் மருந்து நெடுங்காலம் நீடித்தது.

இம்முறையின் குறைபாட்டை உணர்தற்கு ஒரு நல்ல நூலையே எடுத்து நோக்கலாம். பற்றீசியா லோபர் 1986 இல் எழுதிய 'எரிமலை: சென் ஹெலென்ஸ் மலையின் வெடிப்பும் ஆறுதலும்' என்னும் நூல் அடுத்த ஆண்டில் நியூபெரி மதிப்புக்குரிய நூல்களுள் ஒன்றாகத் தெரியப்பட்டது. கதை நூல்களே பெரிதும் பெறும் அச்சிறப்பு விஞ்ஞான நூலொன்றுக்குக் கிட்டியது அருமையே. வாசிங்டன் மாநிலத்திலுள்ள அம்மலை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. 1980 மார்ச் 20 இல் நிலம் அதிர்ந்தது. ஒரு கிழமைக்குப்பின் உச்சியிலிருந்து நீராவி சீறிற்று. பின்னர் மலையின் வடபக்கம் புடைக்கத் தொடங்கி, நாளொன்றுக்கு ஐந்தடிக்குக் குறையாது வெளித்தள்ளியது. மே 18 காலை 8.32 மணிக்கு நேர்ந்த மற்றோர் அதிர்ச்சியால் அப்புடைப்புச் சரிந்து வீழ, மலை பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் மாண்டனர். மலையின் உயரம் ஏறக்குறைய 400 மீற்றர் குறைந்தது.

இந்நிகழ்ச்சியைப் பயிற்சித்தாள் எவ்வாறு கையாளும்? இரண்டு பெட்டிகள் வரையப்பட்டிருக்கும். ஒன்றில் 'காரணம்', மற்றதில் 'விளைவு'. பிள்ளை முதலாவதில் 'நில அதிர்ச்சி' என்றும் இரண்டாவதில் 'வெடிப்பு' என்றும் எழுதும். ஆசிரியர் சரி அடையாளம் இடுவார். திறன் கைவந்தது என்று பதிவேடும் கூறும். உண்மையில் அப்பிள்ளை வாசிக்கவேண்டியதை இன்னும் வாசிக்கவில்லை. மலையை வெடிக்கச் செய்தது அதிர்ச்சியன்று. உள்ளே ஏறிநின்ற பாறைக்குழம்பினுள் வாயு அடங்கிக் கிடந்தது. அதன்மேற் கிடந்த பாரம் அதனை அமுக்கி வைத்திருந்தது. அதிர்ச்சி பாரத்தைச் சரித்தது. பாரம் நீங்கவே அமுக்கம் நீங்கிற்று. அமுக்கம் நீங்கவே வாயு பொங்கிற்று. சோடாப் போத்தலின் மூடியைச் சடுதியிற் கழற்றுவார் அறிவது இதுவே. மூடியைக் கழற்றிய கை நுரைக்குக் காரணமா என்று ஒரு வகுப்பிலே கேட்டாற் போதும். பெட்டி இரண்டும் போதா என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவர். 'காரணகாரியம்' என்பது எல்லாப் பொருளுக்கும் ஒத்த அளவினதாய்த் தைத்து வைத்த சட்டையன்று. எரிமலையின் காரணகாரியம் எரிமலைக்கே உரியது. அதனை அறிதலும் அப்பந்தியை வாசித்தலும் வேறுவேறல்ல.

சொற்பொருள் பற்றியும் இதுவே நிலை. நிலத்தின்கீழ் உருகி நிற்குங்கால் மக்மா, வெளிப்பட்டபின் லாவா எனப் பெயர் பெறுவது ஒரே பொருளே. அருஞ்சொற் பட்டியலில் இவ்விரண்டையும் மனனஞ் செய்த பிள்ளை, பந்தியின் நடுவிலே பெயர் மாறும்போது ஒரு பொருள் எல்லையைக் கடந்துவிட்டது என்பதை அறியாது. வேறொரு பொருள் வந்தது என்றே எண்ணும். பெயரும் சிலபோது வழிதவறச் செய்யும். ஆங்கிலத்தில் எரிமலையைக் குறிக்குஞ் சொல் உரோமர் வழிபட்ட அக்கினித் தேவனின் பெயரடியாகப் பிறந்தது. ஆங்கிலப் பிள்ளைக்கு அது வெறும் ஒலி. தமிழ்ப் பிள்ளைக்கோ சொல்லே பொருளைக் காட்டும். எரியும் மலை என வினைத்தொகையாக விரித்தால் இலக்கணமும் அமையும், பொருள்தான் அமையாது. விறகு எரிவதுபோல மலை எரிவதில்லை. விளங்கிய சொல்லே விளங்காமைக்கு ஏதுவாகும் இத்தகைய இடங்களில், சொல்லைத் தருதலோடு ஆசிரியர் கடமை தீர்ந்துவிடாது.

லோபர் நூலின் பிற்பகுதி இன்னும் சிறந்தது. சாம்பலால் மூடுண்ட நிலத்தில் உயிர்கள் எவ்வாறு எஞ்சின, எவ்வாறு மீண்டன என்பதே அங்குப் பொருள். மண்ணினுள் வளைதோண்டி வாழும் கோபர் என்னும் சிறு கொறிவிலங்குகள் பிழைத்தன. கரையாது கிடந்த பனியின்கீழ் இளமரங்கள் சில பிழைத்தன. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்த ஒரு பிள்ளை, ஏதோ ஒன்றன்கீழ் இருந்தவையே தப்பின என்று தானே கூறுமாயின், முக்கிய கருத்தைக் கண்டறிதல் என்பது அங்கே நிகழ்ந்தது. அதற்குத் தனியாக ஒரு பாடவேளை வேண்டுவதில்லை. எனினும், நூற்பெயரில் வரும் 'ஆறுதல்' என்னுஞ் சொல் தடையின்றி ஏற்கத்தக்கதன்று. ஆறுவது புண். மலையைப் புண்பட்ட உடலாகக் காட்டுவது சிறுவர்க்கு இனிதாயினும், வெடித்தல் மலைக்கு நோயன்று, அதன் இயல்பு. வெடிவாயினுள் 1986 வரையும், பின்னர் 2004 முதல் 2008 வரையும் புதுக்குழம்பு குவிமாடமாய் எழுந்தது. காடு ஆறிற்று எனலாம். மலை ஆறிற்று எனலாகாது. நூலாசிரியர் தெரிந்த உவமை எதுவரை செல்லும் என்று வினாவுதலும் வாசிப்பேயாகும். பயிற்சித்தாள்களில் அவ்வினாவுக்கு இடமில்லை.

பொருளறிவே வாசிப்பைத் தாங்குகின்றது என்பதற்கு ரெக்ற், லெஸ்லி என்பார் 1988 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் எடுத்துக்காட்டப்படும். 64 மாணவர் பேஸ்போல் ஆட்டம் ஒன்றன் வருணனையை வாசித்தனர். வாசிப்பிற் பின்தங்கியவராயினும் ஆட்டத்தை அறிந்தவர், வாசிப்பில் வல்லவராயினும் ஆட்டத்தை அறியாதவரிலும் நன்கு விளங்கிக்கொண்டனர். ஒரே ஓர் ஆய்வின்மீது கோபுரம் எழுப்புவது தகாது; ஆயினும், பொருளறிவின் இன்றியமையாமையைக் காட்டிய ஆய்வு இது ஒன்றுமன்று. அமெரிக்க நாட்டில் நேர்ந்ததோ இதற்கு மாறானது. 2002 இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் வாசிப்பையும் கணிதத்தையும் ஆண்டுதோறும் சோதிக்கப் பணித்தது. பாடசாலைகள் பல விஞ்ஞானத்துக்கும் சமூகக் கல்விக்கும் உரிய நேரத்தைக் குறைத்து வாசிப்புத் திறனுக்கு வழங்கின. வீட்டில் நூல்நிலையமும் பயணமும் உரையாடலும் உடைய பிள்ளை எரிமலையை வேறிடத்தில் அறிந்துகொள்ளும். அவை இல்லாத பிள்ளைக்கு, பெட்டி நிரப்புதற்கு வந்த அந்த ஒரு பந்தியே எரிமலை. யாருக்கு உதவி என்று நேரம் கூட்டப்பட்டதோ, அவரே இழந்தவராயினர்.

மறுபக்கத்தும் பிழை உண்டு. பொருளறிவே முதன்மை என்று கேட்ட ஆசிரியர் சிலர், எரிமலையைப் பற்றி யாவற்றையும் தாமே உரைத்துவிட்டுப் பின்னர் நூலைக் கையிற் கொடுப்பர். வாசித்து அறிய எஞ்சியது யாது? வேறு சிலர் களிமண் மலையொன்றிலே அப்பச்சோடாவும் வினாகிரியும் இட்டு நுரைபொங்கச் செய்வர். ஆரவாரம் மிகுதி, ஆனால், அங்கே வாயு புதிதாய்ப் பிறக்கின்றது, எரிமலையிலோ முன்னரே கரைந்திருந்த வாயு அமுக்கம் நீங்கியதாற் பிரிகின்றது. வேறுபாட்டைச் சொல்லாது விடின் அக்காட்சி நூலுக்குப் பகையாய் முடியும். வெட்டுமுகப் படம் பற்றியோ எவரும் கவலுவதில்லை. மலையை இருகூறாக்கி உள்ளே செங்குழாய் காட்டும் படத்தை, உடைந்த மலை என்று கொள்ளும் பிள்ளை உண்டு. எழுத்தை வாசிக்கக் கற்பித்ததுபோலவே அதனையும் கற்பித்தல் வேண்டும். கொய்யாப்பழம் ஒன்றைப் பிளந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும் காரியம்.

ஒரு பொருளோடு ஒருநாள் நில்லாது மூன்று நான்கு கிழமை நிற்பதன் பயன் இரண்டாவது நூலை எடுக்கும்போதே தெரியவரும். சென் ஹெலென்சை அறிந்த வகுப்பு பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினற்றுபோ மலையைப் பற்றி வாசிப்பதாகக் கொள்ளலாம். 1991 ஜூன் 15 இல் அது பெருவெடிப்பாக வெடித்தது. முன்னறிவித்தல் கிடைத்தமையால் மக்கள் பல்லாயிரவர் விலகிப் பிழைத்தனர். இருந்தும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; அவருட் பெரும்பாலோர் வீட்டுக்கூரை இடிந்து வீழ்ந்ததனால் மாண்டனர். அன்றே யூனியா என்னும் சூறாவளியும் அவ்வழி வந்து மழை பெய்தது. ஒரு நூலிலே சாம்பல் ஒரு வாக்கியத்திலும், மழை வேறொரு வாக்கியத்திலும், கூரை மூன்றாவதிலும் கூறப்பட்டிருக்கும். மூன்றையும் இணைக்குஞ் சொல் அங்கே இராது. அடுப்புச் சாம்பலை மாத்திரம் அறிந்த பிள்ளைக்கு, ஊதினாற் பறக்கும் தூள் எங்ஙனம் கூரையை முறிக்கும் என்பது புலப்படாது. அது அவ்விடத்தை வாசித்தும் வாசியாது கடந்துபோகும். எரிமலைச் சாம்பல் என்பது நொறுங்கிய பாறை என்று முன்னைய நூலில் அறிந்த பிள்ளையோ, மழை என்ற சொல்லைக் கண்டவுடன் நின்று, நனைந்த கல்லின் பாரத்தை நினைக்கும்.