தெர்மாகோல் பிரளயம்

பட்டாபிராம் ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோலும் சார்ட் பேப்பரும் திடீரென்று தீர்ந்துபோனால், ஏதோ ஒரு பள்ளியில் புராஜெக்ட் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தலைப்பு புராணக் கதை என்றால் என் ஓட்டு பிரளயத்துக்குத்தான். சதபத பிராமணத்தில் மனு வளர்த்த மீனை மூன்று அளவில் வெட்டி, குடம், குழி, கடல் என்று வரிசையாக ஒட்டினால் பாதிக் கதை முடிந்தது. (கடைசி மீனுக்குக் கொம்பு அவசியம், பிரளயத்தில் மனுவின் கப்பலைக் கட்டுவதே அதில்தான்.)

பிரளயக் கதைகளில் பாபிலோனியப் படகுதான் கை வேலைக்குச் சரியான தீனி. கில்கமெஷ் காவியத்தின் 11ஆம் பலகைப்படி அது பக்கத்துக்கு 120 முழம், ஏழு தளம். படகு என்ன, அப்பார்ட்மென்ட்! 2014இல் ஆய்வாளர் இர்விங் ஃபிங்கெல் நூலாக விளக்கிய இன்னொரு களிமண் பலகையிலோ, ஒகேனக்கல் பரிசல் போல வட்டமான படகு. கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, மேலே கீல் பூசியது. கயிற்றுக்குச் சணல் போதும். கீலுக்காகக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தால் தெர்மாகோலை அரித்துவிடும்; போஸ்டர் கலர்தான் சரி. சணலை உள்ளிருந்து வெளியே சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஃபெவிகால் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் பரிசல் தோசையாகிவிடும்.

எல்லாரும் செய்கிற, ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கும் நோவா பேழைக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன்.